காற்றுச் சுரங்கத்தில் ஓர் இடது கால்

டிப்போவின் ஓய்வறையில், மேசைமேல் இருந்த தண்ணீர் ஜாடியில் கைபேசியைச் சாய்த்து வைத்து, தம்பி அந்த வீடியோவை நான்காவது முறையாக ஓடவிட்டான். பதின்மூன்றாயிரம் அடி உயரத்தில் விமானத்திலிருந்து குதித்த நான்கு பேர், வயிறு தரையைப் பார்க்க, ஒருவர் கையை ஒருவர் பிடித்து வட்டமாக விழுந்துகொண்டிருந்தார்கள். பன்னிரண்டு வினாடி வரை வட்டம் வட்டமாகவே இருந்தது. அதன் பிறகு சிவப்பு உடை போட்டிருந்தவள் மெல்ல இடப்பக்கமாகத் திரும்ப ஆரம்பித்தாள். பிடி இழுபட்டது, நழுவியது, விட்டுப்போனது. மிச்ச நேரம் முழுக்க அவள் தனியாகச் சுற்றிக்கொண்டே இருந்தாள்.

"பம்பரம்," என்றான் தம்பி.

"இன்னொரு தடவை அந்தப் பேரைச் சொன்னே, உன் டீயை நானே குடிச்சிடுவேன்," என்றாள் அக்கா.

அவள் பத்தொன்பது வருடமாகப் பேருந்து ஓட்டுகிறாள். தம்பி அதே டிப்போவில் மெக்கானிக். அவன் கூப்பிட்டுக் கூப்பிட்டு, மேலாளரிலிருந்து வண்டி கழுவுகிறவர் வரை எல்லோருக்கும் அவள் அக்காவாகிவிட்டாள். அவளைவிடப் பத்து வயது மூத்த நேரக்காப்பாளரும் அப்படித்தான் அழைப்பார். வானத்திலிருந்து குதிக்கிற ஆசை முதலில் வந்தது தம்பிக்கு. அவனுக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாதே என்று பார்க்கப் போனவள், அடுத்த மாதமே தானும் குதித்தாள். இதுவரை எழுபத்தாறு முறை குதித்துவிட்டாள். தம்பி நானூறைத் தாண்டிவிட்டான்.

அவன் நால்வர் குழு ஒன்றுக்குத் தலைவன். அவனோடு ஒரு ரொட்டிக்கடைக்காரரும் ஒரு பல் டாக்டரும் இருந்தார்கள். நான்காவது ஆள் வேலை மாறி வேறு ஊருக்குப் போய்விட்டதால் அந்த இடம் காலி. அக்காவுக்கு அது வேண்டும். தபால்காரர் ஒருவரும் அதே இடத்துக்காகக் காத்திருந்தார்.

"போட்டிக்குப் பேர் கொடுக்க இன்னும் நாலு வாரம் இருக்கு," என்றான் தம்பி. "கடைசி சனிக்கிழமை நீ எங்களோட குதிக்கிறே. விதி ஒண்ணே ஒண்ணுதான். பிடியை முதல்ல விடுற ஆள் நீயா இருக்கக் கூடாது. விட்டேன்னா தபால்காரர் வருவார்."

"அக்காங்கிறதுக்குச் சலுகை கிடையாதா?"

"அக்காங்கிறதாலதான் நாலு வாரம். வேற ஆளா இருந்தா ரெண்டு."

அவள் அதைக் கேட்டு வாடிப்போகவில்லை. பதினான்கு டன் வண்டியை நடைபாதை ஓரத்தில் ஒரு கையளவு இடைவெளியில் நிறுத்துகிறவளுக்கு, தன் இரண்டு கையையும் இரண்டு காலையும் சொன்ன இடத்தில் வைக்க முடியாதா? முடியும். எந்தக் கை, எந்தக் கால் தப்பு செய்கிறது என்று யாராவது காட்டிக்கொடுத்தால் போதும்.

சிக்கல் என்னவென்றால், வானம் எதையும் காட்டிக்கொடுக்காது. அங்கே சுவரில்லை, கோடில்லை, பக்கத்தில் ஒரு மரமில்லை. தலையைச் சுற்றிலும் ஒரே நீலம். மெதுவாகத் திரும்பினால் திரும்புவதே தெரியாது. தெரிகிற நேரத்தில் குதிப்பு முடிந்துவிடும். ஒரு குதிப்பில், பாராசூட்டை விரிக்கும் வரை, விழுகிற நேரம் ஒரு நிமிடத்துக்கும் குறைவு. அதற்காக விமானம் இருபது நிமிடம் ஏற வேண்டும். இறங்கியபின் பாராசூட்டை மடித்துப் பையில் அடைக்க அரை மணி நேரம். ஒரு முழு நாளில் ஐந்து முறை குதித்தாலும், உண்மையில் பழகியது நாலைந்து நிமிடம்தான்.

"ஒரு நாளைக்கு நாலு நிமிஷம் ஓட்டிப் பார்த்து எவனாவது பஸ் ஓட்டக் கத்துக்க முடியுமா?" என்று கேட்டாள் அக்கா.

"அதுக்குத்தான் டனல் இருக்கு," என்றான் தம்பி.

டயர் கடை ஒன்றுக்கும் சரக்குக் கிடங்கு ஒன்றுக்கும் நடுவில் இருந்தது அந்தக் காற்றுச் சுரங்கம். வெளியிலிருந்து பார்த்தால் ஜன்னல் இல்லாத நாலு மாடிக் கட்டடம். உள்ளே நடுவில் கண்ணாடிச் சுவர் போட்ட ஓர் உருளை அறை, குறுக்கே நாலரை மீட்டர். தரைக்குப் பதில் இறுக்கமாக இழுத்துக் கட்டிய எஃகு வலை. அந்த வலைக்குக் கீழிருந்து காற்று மேல்நோக்கி வரும். வலைமேல் சாய்கிறவரைத் தூக்கி மிதக்க வைக்கும்.

விசிறி கீழே இருக்கும் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள், அக்காவும் நினைத்தாள். உண்மையில் விசிறிகள் கூரைக்குப் பக்கத்தில் இருந்தன. கீழிருந்து விசிறி ஊதினால் அதன் இறக்கைகள் கலக்கிவிட்ட காற்று சுழித்துச் சுழித்து மேலே வரும், அதில் யாரும் நிலையாக மிதக்க முடியாது. அதனால் மேலிருந்து உறிஞ்சுகிறார்கள். உறிஞ்சிய காற்று கட்டடத்தின் இரு பக்கச் சுவர்களுக்குள் இருக்கும் அகலமான குழாய்கள் வழியாகக் கீழே இறங்குகிறது. ஒவ்வொரு திருப்பத்திலும் வளைந்த தகடுகள் வரிசையாக நின்று காற்றைக் கைப்பிடித்துத் திருப்பிவிடுகின்றன. கடைசியில், வலைக்குச் சற்றுக் கீழே, பாதை சட்டென்று குறுகுகிறது. தோட்டத்துக் குழாயின் வாயை விரலால் பாதி அடைத்தால் தண்ணீர் சீறுகிறதே, அதே கதைதான். மெதுவாக வந்த காற்று அங்கே மணிக்கு இருநூறு கிலோமீட்டர் வேகத்தில் சீறும். அதே காற்றுதான் மேலே போய் மறுபடியும் கீழே வருகிறது.

விழுகிற ஆளுக்கும் மிதக்கிற ஆளுக்கும் உடம்பில் ஒரே உணர்ச்சிதான். வானத்தில் காற்று சும்மா நிற்கிறது, மனிதர் அதற்குள் விழுகிறார். இங்கே மனிதர் சும்மா நிற்கிறார், காற்று அவரைக் கடந்து போகிறது. நிற்கும் வண்டியில் இருந்தபடி பக்கத்து வண்டி நகர்வதைப் பார்த்துவிட்டு, நம் வண்டிதான் போகிறதோ என்று ஒரு கணம் குழம்புகிறோம் அல்லவா, உடம்புக்கும் அப்படி வித்தியாசம் தெரியாது. ஆனால் இங்கே சுவர் இருக்கிறது. ஒரு சாண் விலகினாலும் சுவர் சொல்லிவிடும்.

காற்றின் வேகத்தைக் கூட்டிக் குறைப்பவர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன அறையில் உட்கார்ந்திருந்தார். அவரை எல்லோரும் காற்றுக்காரர் என்றே அழைத்தார்கள். அவருக்கு முன்னால் ஒரு கைப்பிடி, ஒரு கடிகாரம், ஒரு பொத்தான். ஒருவருடைய முறை இரண்டு நிமிடம். முடிந்ததும் அவர் பொத்தானை அழுத்துவார். உருளைக்குள் விளக்கு இரண்டு முறை சிமிட்டும். உடனே உள்ளே இருப்பவர் வாசலுக்குத் திரும்பி வெளியே வந்துவிட வேண்டும்.

பயிற்சி கொடுக்க வந்தது இருபத்து நான்கு வயதுப் பெண். முதல் நாள் "மேடம்" என்றாள். தம்பி கூப்பிட்டதைக் கேட்டுவிட்டு இரண்டாம் நாளே "அக்கா" என்று மாற்றிக்கொண்டாள்.

உள்ளே பேச முடியாது. காற்றின் இரைச்சலில் எதுவும் கேட்காது. அதனால் கை ஜாடைதான். ஆட்காட்டி விரல் மேலே போனால் தாடையைத் தூக்கு. இரண்டு விரலை நீட்டிக் காட்டினால் காலை நீட்டு. மடக்கிக் காட்டினால் காலை மடக்கு. கட்டை விரலையும் சுண்டு விரலையும் விரித்துக் கையை ஆட்டினால், உடம்பைத் தளர்த்து.

அக்கா வலைமேல் சாய்ந்தாள். காற்று அவளை ஏந்திக்கொண்டது. எட்டு வினாடி எதிரே இருந்த கண்ணாடியை நேராகப் பார்த்தபடி மிதந்தாள். ஒன்பதாவது வினாடியில் காற்றுக்காரரின் முகம் வலப்பக்கமாக நகர ஆரம்பித்தது. அவர் நகரவில்லை என்று அவளுக்குத் தெரியும்.

பயிற்சிப் பெண் இரண்டு விரலை நீட்டிக் காட்டினாள். பிறகு அக்காவின் இடது கணுக்காலைப் பிடித்து, பின்பக்கமாக இழுத்து வைத்தாள். சுற்றல் நின்றது. கையை எடுத்தாள். ஆறு வினாடியில் கால் தானாக மடங்கி வந்தது. மறுபடியும் சுற்றல்.

வெளியே வந்ததும் பெஞ்சில் உட்கார வைத்து விளக்கினாள். "காத்து உங்க காலுக்குக் கீழ அடிச்சிப் பின்னாடி வழியுது. அப்ப அது உங்களை முன்னாடி தள்ளும். ரெண்டு காலும் ஒரே மாதிரி நீண்டிருந்தா ரெண்டு பக்கமும் ஒரே தள்ளு. உங்களுக்கு வலது கால் நீளுது, இடது கால் உள்ள போயிடுது. ஒரு பக்கம் மட்டும் துடுப்பு போட்ட படகு மாதிரி."

"அதான் இடப்பக்கமா சுத்துறேனா?"

"அதேதான். ஆனா ஒண்ணு கவனிச்சேன். நான் காலைக் காட்டினா நீட்டிடுறீங்க. உங்க கவனம் வேற பக்கம் போனா மடங்கிடுது. அப்படின்னா உங்க காலுக்குத் தெரியாம இல்லை. அதுக்கு வேற எங்கயோ வேற பழக்கம் இருக்கு." அவள் தலையைச் சாய்த்து அந்தக் காலைப் பார்த்தாள். "உங்க இடது கால் எங்க வேலை பார்க்குதுக்கா?"

அக்கா சிரித்துவிட்டாள். ஆனால் அந்தக் கேள்வியை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனாள்.

பதில் திங்கட்கிழமை காலை மூன்றாவது நிறுத்தத்தில் கிடைத்தது. ஆட்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். அவள் கண்ணாடியைப் பார்த்துவிட்டு, ஏதோ தோன்றிக் கீழே பார்த்தாள். வலது கால் பிரேக்கின்மேல் நீண்டு கிடந்தது. இடது கால் அங்கே இல்லை. அது முழங்காலில் மடங்கி, இருக்கைக்கு அடியில் போய், குதிகாலை இருக்கைத் தூணில் முட்டுக் கொடுத்துச் சௌகரியமாக உட்கார்ந்திருந்தது. வண்டி கியர் தானாக மாறும் வண்டி. கிளட்ச் கிடையாது. இடது காலுக்கு ஒரு வேலையும் இல்லை. வேலையில்லாத கால் பத்தொன்பது வருடமாகத் தனக்கென்று ஓர் இடம் பார்த்துக்கொண்டது.

"அங்கயா இருக்கே?" என்றாள் அக்கா.

"டிக்கெட் எடுத்துட்டேன்மா," என்றார் ஏறிக்கொண்டிருந்தவர்.

வாரத்துக்கு இரண்டு நாள், நாளுக்குப் பத்து நிமிடம் சுரங்கத்தில் பழகினால் போதுமா? மிச்ச நேரத்தில், நாளுக்கு எட்டு மணி நேரம், அந்தக் கால் இருக்கைக்கு அடியில் எதிர்ப்பாடம் படித்துக்கொண்டிருந்தது. முதலில் அந்தப் பள்ளிக்கூடத்தை மூட வேண்டும். மதிய இடைவேளையில் அவள் ஒரு பிஸ்கட் டப்பாவின் தகர மூடியை எடுத்து, இருக்கைத் தூணில், குதிகால் முட்டுகிற இடத்தில், ஒட்டுப்பட்டையால் இறுக்கி ஒட்டினாள். கால் பின்னால் போனால் 'டக்' என்று சத்தம் வரும். அப்போது காலை எடுத்து முன்னால் இருக்கும் மேடையில் தட்டையாக வைக்க வேண்டும். அவ்வளவுதான்.

முதல் நாள் எண்ண ஆரம்பித்து, எண்பதுக்குமேல் எண்ணுவதை விட்டுவிட்டாள்.

"டிரைவரம்மா, வண்டியில ஏதோ தட்டுது," என்றார் தினமும் முன் இருக்கையில் வருகிறவர்.

"வண்டி இல்லைங்க. என் காலு."

"உடம்பைப் பார்த்துக்குங்க," என்றார் அவர் அக்கறையாக.

வேறு யாரோ புகார் எழுதிவிட்டார்கள். வியாழக்கிழமை மாலை அவள் டிப்போவுக்குள் வந்தபோது, தம்பி வண்டிக்குள் ஓட்டுநர் இருக்கைக்குப் பக்கத்தில் மண்டியிட்டு, கையில் டார்ச்சுடன் தகர மூடியைப் பார்த்துக்கொண்டிருந்தான். முகமெல்லாம் கிரீஸ்.

"சத்தம் வருதுன்னு சொன்னாங்க. ஒரு மணி நேரம் வண்டிக்கு அடியில படுத்துக் கிடந்தேன்," என்றான். "ஒவ்வொரு போல்ட்டா தட்டிப் பார்த்தேன். இது என்ன?"

"என் இடது காலுக்குக் காவல்காரன்."

அவள் விளக்கியதும் அவன் இருக்கையில் தானே ஏறி உட்கார்ந்து, வலது காலை நீட்டி, இடது காலைத் தளர விட்டுப் பார்த்தான். அது மெல்ல நகர்ந்து போய் 'டக்' என்றது.

"அட," என்றான். புகார்த் தாளில் 'சத்தம் சரிசெய்யப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான். மூடியைக் கழற்றவில்லை. பட்டையை மட்டும் இன்னும் இறுக்கி ஒட்டிவிட்டுப் போனான்.

இரண்டாம் வாரம் சத்தம் பாதியாகக் குறைந்தது. மூன்றாம் வார வெள்ளிக்கிழமை, மதியச் சாப்பாடு வரை தகரம் ஒரு முறைகூடத் தட்டவில்லை. முன் இருக்கைக்காரர் இறங்கும்போது, "இப்ப தேவலையாம்மா?" என்று கேட்டார். "தேவலைங்க," என்றாள்.

சுரங்கத்திலும் அது தெரிந்தது. எதிரே காற்றுக்காரரின் முகம் அசையாமல் நின்றது. முழங்காலுக்குக் கீழே இரு பக்கமும் ஒரே அளவு காற்று தட்டுவதை அவளால் உணர முடிந்தது. தோளை ஒரு விரற்கடை சாய்த்தால் அந்தப் பக்கம் திரும்பினாள், நிமிர்த்தினால் நின்றாள். திரும்புவது இப்போது அவள் சொல்லி நடந்தது.

அதன் பிறகுதான் தம்பி மற்ற இருவரையும் கூட்டிவந்தான். நால்வர் சேர்ந்து மிதப்பதில் இன்னொரு கணக்கு இருக்கிறது. ரொட்டிக்கடைக்காரர் நல்ல பருமன். பல் டாக்டர் ஒல்லி. அப்படியே விட்டால் அவர் கீழே போவார், டாக்டர் மேலே போவாள். அதனால் அவருக்குத் தொளதொள உடை, காற்றை அதிகம் பிடிக்கும். டாக்டருக்கு உடம்போடு ஒட்டின உடை, இடுப்பில் நான்கு கிலோ ஈயப் பட்டை.

"என் பங்குச் சதையைத்தான் டாக்டர் இடுப்புல கட்டியிருக்காங்க," என்பார் ரொட்டிக்கடைக்காரர்.

"பல்லைக் காட்டாதீங்க, மேல் வரிசையில ரெண்டு சொத்தை தெரியுது," என்பாள் டாக்டர்.

ஐந்து உருவங்கள். வட்டம், நேர்கோடு, இருவர் இருவராகப் பிரிந்து சுழல்வது என்று ஐந்தும் வரிசையாக வர வேண்டும். முடிந்ததும் மறுபடியும் முதலிலிருந்து. பிடி நன்றாக விழுந்ததும் தம்பி தலையை ஆட்டுவான். உடனே எல்லோரும் விட்டு அடுத்ததற்குப் போக வேண்டும். முதல் நாள் இரண்டு நிமிடத்தில் ஏழு உருவம் வந்தது. நான்காம் வாரக் கடைசியில் பதினாறு. விளக்கு சிமிட்டும், நால்வரும் சிரித்தபடி வாசலில் வந்து விழுவார்கள், கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு மறுபடி உள்ளே. தம்பிக்கு அந்த இடம் அவ்வளவு பிடித்துப்போனது. சுரங்கத்துக்கென்றே இலேசான நீல ஹெல்மெட் ஒன்று வைத்துக்கொண்டான். வானத்தில் போடுகிற கறுப்பு ஹெல்மெட் கனமானது. அதன் காதுப் பஞ்சுக்குள் சின்னக் கருவி ஒன்று இருக்கும், பிரிய வேண்டிய உயரம் வந்ததும் அது காதில் கூவும். சுரங்கத்தில் உயரம் ஏது? கறுப்பு ஹெல்மெட் நான்கு வாரமாக அவன் காரில் கிடந்தது.

சனிக்கிழமை காலை வானம் துடைத்துவைத்த மாதிரி இருந்தது.

விமானத்தில் ஏறும் முன் ஒருவர் முதுகுப் பையை மற்றவர் சரிபார்த்தார்கள். அக்கா தம்பியின் பையைப் பூட்டும் ஊசியைப் பார்த்தாள், கயிற்றைப் பார்த்தாள், வார்களை இழுத்துப் பார்த்தாள். நீல ஹெல்மெட் அவனுக்கு நன்றாக இருக்கிறது என்றுகூட நினைத்தாள்.

"விதி ஞாபகம் இருக்கில்ல?" என்றான் அவன்.

"முதல்ல விடுற ஆள் நான் இல்லை."

"தபால்காரர் கீழ நிக்கிறார். பைனாகுலரோட."

"பாவம், கழுத்து வலிக்கப் போகுது," என்றாள் அக்கா.

பதின்மூன்றாயிரம் அடியில் கதவு திறந்தது. நால்வரும் ஒன்றாக வெளியே விழுந்தார்கள்.

முதல் பத்து வினாடி வேகம் ஏறிக்கொண்டே போகும். பிறகு காற்றின் எதிர்ப்பும் உடம்பின் எடையும் சமமாகிவிடும். அதற்குமேல் வேகம் ஏறாது. அங்கிருந்து அது சுரங்கம்தான், சுவரை மட்டும் யாரோ எடுத்துவிட்டார்கள். அக்காவின் முழங்காலுக்குக் கீழே இரு பக்கமும் காற்று ஒரே அளவில் தட்டியது. வட்டம் விழுந்தது. தம்பி தலையை ஆட்டினான். நேர்கோடு. தலை ஆடியது. மூன்று. நான்கு. எங்கோ அடியில் ஒரு தகர மூடி சத்தமில்லாமல் இருந்தது.

ஒவ்வொரு பிடி விழும்போதும் அவள் இடது மணிக்கட்டைப் பார்த்தாள். அங்கே உயரம் காட்டும் கருவி, கைக்கடிகாரத்தைவிடச் சற்றுப் பெரியது. பயத்தினால் பார்க்கவில்லை. சாலை, கண்ணாடி, கடிகாரம், மறுபடி சாலை என்று பத்தொன்பது வருடமாக அவள் கண் அப்படித்தான் சுற்றிவருகிறது. சாலை எவ்வளவு அழகாக இருந்தாலும் கண்ணாடியைப் பார்க்காமல் அதற்கு இருப்புக் கொள்ளாது.

ஐந்தாவது உருவம். முள் ஐயாயிரத்து எழுநூறில் இருந்தது. தம்பியின் கண்கள் சிரித்தன. ஐந்து உருவம் இவ்வளவு வேகமாக அவர்களுக்கு வந்ததே இல்லை. தலையை ஆட்டினான், மறுபடியும் முதலிலிருந்து. வட்டம் விழுந்தது. அக்காவின் வலது கை தம்பியின் தோள்பட்டைத் துணியைப் பிடித்திருந்தது. ஐயாயிரம்.

நாலாயிரத்து ஐநூறில் பிரிய வேண்டும். அது குழுவின் ஒப்பந்தம். தலைவன்தான் முதலில் கையை ஆட்டுவான். அவன் காதில்தான் கருவி கூவும். பிரிந்து, ஆளுக்கு ஒரு திசையில் சறுக்கிப் போய், நல்ல இடைவெளி வந்த பிறகுதான் பாராசூட்டை விரிக்கலாம். பக்கத்தில் பக்கத்தில் விரித்தால் ஒன்றில் ஒன்று சிக்கிக்கொள்ளும். ஆயிரம் அடி விழ ஆறு வினாடிகூட ஆகாது. அதனால் இந்த எண்ணில் இரக்கம் பார்க்க முடியாது.

முள் நாலாயிரத்து ஐநூறைத் தொட்டது. தம்பி கையை ஆட்டவில்லை.

அவன் டாக்டரைப் பார்த்துத் தலையை ஆட்டப் போனான். அடுத்த உருவத்துக்கு. மற்ற இருவரும் அவன் தலையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த முகங்களை அக்கா நன்றாக அறிவாள். கண்ணாடி உருளைக்குள் திரும்பத் திரும்பப் பார்த்த முகங்கள். நேரம் முடிந்தால் யாராவது சொல்வார்கள் என்று நம்புகிற முகங்கள்.

பிடியை முதலில் விடுகிற ஆள் நீயாக இருக்கக் கூடாது.

அவள் விட்டாள். இரண்டு கையையும் முகத்துக்கு முன்னால் அகலமாக, குறுக்கும் நெடுக்குமாக ஆட்டினாள். தம்பியின் புருவம் சுருங்கியது. அவள் தன் மணிக்கட்டை விரலால் தட்டிக் காட்டினாள். மூவரும் தங்கள் மணிக்கட்டைப் பார்த்தார்கள். தம்பியின் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது.

அக்கா இடது தோளைச் சாய்த்தாள். சரியாகப் பாதி வட்டம் திரும்பினாள், தோளை நிமிர்த்தினாள், நின்றாள். காலை நீட்டி, கையைப் பின்னால் இழுத்து, அம்பு மாதிரி வெளியே பாய்ந்தாள்.

புல்வெளியில் முதலில் இறங்கியது அவள்தான். பாராசூட்டை இரு கையாலும் அள்ளிக்கொண்டு நின்று, மேலே எண்ணினாள். பச்சை, மஞ்சள், கடைசியாக, எல்லோரையும்விடத் தாழ்வாக விரிந்திருந்த தம்பியின் வெள்ளை. மூன்றும் இருந்தன.

ரொட்டிக்கடைக்காரர் மூச்சிரைக்க நடந்து வந்தார். "ஏன்க்கா, ஆறாவது அவ்வளவு அழகா வந்துச்சே. இன்னும் ஒண்ணு..."

"வாயை மூடுங்க," என்றாள் டாக்டர். அவள் ஹெல்மெட்டில் இருந்த கேமராவைக் கழற்றிச் சின்னத் திரையில் ஓடவிட்டிருந்தாள். "இங்க பாருங்க. அக்கா கையாட்டுறப்ப என் மணிக்கட்டு தெரியுது. நாலாயிரத்து முன்னூறு. நான் அதைப் பார்க்கவே இல்லை. கையிலதான் கட்டியிருக்கேன்."

தம்பி வந்து சேர்ந்தான். ஹெல்மெட்டைக் கழற்றினான். இடது காதுப் பஞ்சுக்குள் ஒரு விரலை விட்டுத் தேடினான். அங்கே ஒன்றும் இல்லை. நீல ஹெல்மெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான், யாரோ அவன் தலையில் மாட்டிவிட்டுப் போனது போல.

"நானும்தான் பார்த்தேன்," என்றாள் அக்கா. "நல்லா இருக்குன்னு மட்டும்தான் தோணுச்சு."

"அக்கா." அவன் குரல் தணிந்திருந்தது. "கருவி இல்லைங்கிறது ஒரு பக்கம். அது கூவலைன்னு எனக்கு ஒரு கணம்கூடத் தோணலை. நான் எதுக்குக் காத்துக்கிட்டு இருந்தேன் தெரியுமா?"

"விளக்கு சிமிட்டறதுக்கு."

அவன் தலையசைத்தான். ரொட்டிக்கடைக்காரர் புல்லில் உட்கார்ந்துவிட்டார். "நானும்தான்பா," என்றார். "வாசல் எந்தப் பக்கம்னுகூட மனசுக்குள்ள வச்சிருந்தேன்."

டாக்டருக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. பிறகு மற்றவர்களுக்கும். தம்பிக்கு மட்டும் கொஞ்ச நேரம் கழித்து.

தூரத்தில் தபால்காரர் பைனாகுலரைக் கழுத்தில் தொங்கவிட்டபடி வந்துகொண்டிருந்தார்.

"விதின்னா விதி," என்றாள் அக்கா. "முதல்ல விட்டது நான். கூப்பிட்டு இடத்தைக் கொடு."

"விதியைச் சொன்னவனுக்கு அறிவு இருந்தாத்தானே." தம்பி புல்லைப் பார்த்தபடி சொன்னான். "நாலாவது இடம் உனக்கு. இன்னிக்கே பேர் அனுப்புறேன்."

"சும்மா வர மாட்டேன். எனக்கும் ஒரு விதி இருக்கு."

"சொல்லு."

"உருவத்துக்கு நீ தலையாட்டு. பிரியறதுக்குக் கையாட்டுறது நான். எப்பவும். உன் காதுல என்ன கூவினாலும் சரி."

அவன் மற்ற இருவரையும் பார்த்தான். டாக்டர் ஏற்கெனவே தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள். ரொட்டிக்கடைக்காரர் உட்கார்ந்தபடியே கையைத் தூக்கினார்.

"சரி," என்றான் தம்பி. பாராசூட்டை அள்ளிக்கொண்டு நான்கடி போனவன் நின்றான். "அக்கா, பிரியறப்ப நீ திரும்பினே பாரு. பாதி வட்டம். அங்கயே நின்னுட்டே. ஒரு இம்மி தாண்டலை."

"பார்த்தியா?"

"அவ்வளவு கலவரத்துலயும் அதைத்தான் பார்த்தேன்."

பாராசூட்டுகளை மடித்து அடைக்க அரை மணி நேரம் ஆனது. தம்பி காருக்குப் போய்க் கறுப்பு ஹெல்மெட்டை எடுத்துவந்து, காதுப் பஞ்சுக்குள் கருவியை எல்லோர் முன்னாலும் அழுத்திக் காட்டினான். அது ஒரு முறை கூவியது. பதினொரு மணி விமானத்தில் நால்வரும் மறுபடி ஏறினார்கள்.

இந்த முறை ஆறாவது உருவத்துக்கு மேலும் நேரம் இருந்தது. ஏழாவது உருவத்தில் பிடி விழுந்தபோது முள் நாலாயிரத்து எண்ணூறில் இருந்தது. எதிரே மூன்று பேரும் அவள் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அக்கா அசையவில்லை. நேரத்துக்கு முன்னால் அவள் எந்த நிறுத்தத்திலிருந்தும் வண்டியை எடுத்ததில்லை. இரண்டு காலிலும் காற்று சமமாகத் தட்டிக்கொண்டிருந்தது. முள் வந்து நாலாயிரத்து ஐநூறைத் தொட்டது.

அப்போதுதான் விட்டாள்.